மென்கலப்புலோகங்களின் நீட்சி

பொற்கொல்லர் கம்பியச்சின் துளையூடாகப் பொன்னை இழுக்கும்போது, இடையிடையே அதனைக் காய்ச்சி ஆறவிடுவர். அவ்வாறு செய்யாவிடின் கம்பி வன்மையுற்று அறுந்துவிடும். உலோகத்தைத் தட்டினாலும் இழுத்தாலும் அது கடினமடைந்து, நீளும் ஆற்றலை இழக்கும் என்று நாம் மாணவருக்குப் போதிப்பதும் இதுபற்றியேயாம். ஆயின் இவ்விதி எல்லா உலோகங்களுக்கும் பொருந்துமோ?

1934ஆம் ஆண்டில் பியர்சன் என்னும் ஆய்வாளர், வெள்ளீயமும் பிசுமதும் சேர்ந்து மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் விகிதத்திலமைந்த கலப்புலோகத்தை ஆராய்ந்தார். வார்த்தெடுத்த நிலையில் எளிதில் உடையும் அதனை, அச்சுத் துளையூடாக அழுத்தித் தள்ளிக் கோலாக்கியபின் மெல்ல இழுத்தார். அது 1950 சதவீதம் நீண்டது. அதாவது, ஓரங்குலம் இருபதரை அங்குலமாயிற்று!

இதன் காரணம் யாது? அக்கலப்புலோகம் ஏறத்தாழ 139 பாகை சதமவளவையில் உருகும். தனிவெப்பநிலை அளவில் நோக்கின், அறை வெப்பநிலையே அதன் உருகுநிலையின் ஏறக்குறைய முக்காற்பங்காகும். செம்புக்கோ காற்பங்கிலும் குறைவு. ஆகவே செம்பினுள் அறைவெப்பநிலையில் தேங்கும் திரிபு மென்கலப்புலோகத்தில் தேங்குவதில்லை. அழுத்தித் தள்ளுதல் வார்ப்பின் பருவெட்டான அமைப்பைச் சிதைத்து, மிக நுண்ணிய பளிங்குமணிகளைத் தோற்றுவிக்கின்றது. இழுக்கும்போது அம்மணிகள் தம் எல்லைகளில் ஒன்றன்மேலொன்று வழுக்கி இடம்மாறுகின்றன.

இழுக்கும் வேகமும் முக்கியமானது. கோலில் ஓரிடம் மெலிந்தால் அவ்விடம் விரைந்து நீள முற்படும். இத்தகைய உலோகத்தில் விரைவு மிகுந்தால் எதிர்ப்பும் மிகும். ஆதலின் மெலிவு அவ்விடத்திலேயே முற்றாது, நீட்சி கோல் முழுவதும் பரவுகின்றது. நெடுநேரம் வெப்பமூட்டினால் மணிகள் பருத்து, இவ்வியல்பு குன்றும். பொன்னைக் காத்த வெப்பமே இங்கு கேடு விளைக்கின்றது.

மீக்குழைமை எனப்படும் இவ்வியல்பு இன்று வானூர்தி உறுப்புகளுக்கான தைத்தேனிய, அலுமினியக் கலப்புலோகத் தகடுகளை உயர்வெப்பநிலையில் உருவாக்கப் பயன்படுகின்றது. எனவே, வேலைப்பாடு உலோகத்தை வன்மையாக்கும் என்று மட்டும் கூறி நிறுத்துதல் போதாது. எவ்வெப்பநிலையில், எவ்வேகத்தில், எத்தகைய மணியமைப்பில் என்னும் வினாக்களையும் மாணவர் எழுப்பப் பழகுதல் வேண்டும். விதியை அறிதலினும் அதன் எல்லையை அறிதலே விஞ்ஞானக் கல்வியின் பயனாகும்.