எரிமலை கொணர்ந்த அந்நியக் கற்கள்

நாம் நிற்கும் நிலத்தின் அடித்தளம் எத்தகையது? சந்திரனில் கால் பதித்து மீண்ட மனிதன், பூமியினுள் புகுந்த தூரமோ மிகச் சொற்பம். அவன் இட்ட துளைகளுள் மிக ஆழமானது இரசியாவின் கோலாக் குடாநாட்டில் உள்ளது. அதுவும் 1989ஆம் ஆண்டில் எட்டிய 12,262 மீற்றருக்கு அப்பால் செல்லவில்லை. கண்டத்தின் மேலோட்டைக் கடப்பதற்கே ஏறக்குறைய அதன் மும்மடங்கு ஆழம் செல்லவேண்டும். அதன்கீழ் 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை பரந்து கிடப்பது மான்ரில் எனப்படும் பாறைப்படை. மனிதன் செல்லவியலாத அவ்விடத்திலிருந்து எரிமலைகளே நமக்குத் தூது கொணர்கின்றன.

தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரில் 1871ஆம் ஆண்டு வைரம் கண்டெடுக்கப்பட்டது. வைரத்தைத் தாங்கியிருந்த கிம்பர்லைற் என்னும் பாறை, ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பாகப் பொங்கியெழுந்தது. எழும் வழியில் அது பக்கத்துப் பாறைகளை உடைத்துத் தன்னுடன் வாரி வந்தது. இத்துண்டுகளுக்கு அறிஞர், 'அந்நியக் கல்' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை இட்டனர். குழம்பு மெதுவாக எழுந்திருப்பின் பாரமான இக்கற்கள் மீண்டும் அமிழ்ந்திருக்கும். எனவே அது மிக விரைவாகவே எழுந்திருத்தல் வேண்டும்.

இக்கற்கள் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தன என்று வாசகர் வினவக்கூடும். அழுத்தத்திற்கும் வெப்பத்திற்கும் ஏற்ப, அவற்றிலுள்ள கனிப்பொருள்களின் அமைப்பு வேறுபடும். அதனைக் கொண்டு கணித்தால், சில கற்கள் 150 கிலோமீற்றருக்கும் கீழிருந்து வந்தமை புலனாகும்.

இனி அவை கூறும் வரலாற்றைக் காண்போம். மெழுகும் மணலும் கலந்த கட்டியைச் சூடாக்கினால், மெழுகு உருகி வழிந்தோட மணல் எஞ்சும். அவ்வாறே ஆதியில் மான்ரில் பாறை ஓரளவு உருகியபோது, கல்சியம், அலுமினியம் முதலியனவும் இரும்பில் ஒரு பகுதியும் உருகிய குழம்புடன் வெளியேறின. மகனீசியம் மிகுந்த பாறையே எஞ்சியது. இரும்பு குறைந்தமையால் அது பாரங் குறைந்து, கீழே அமிழாது, கண்டத்திற்கு வேராக நிலைத்தது.

இது நிகழ்ந்த காலத்தை அறியவும் வழியுண்டு. இரேனியத்தின் ஒருவகை அணுக்கள் மிக மெதுவாக ஒசுமியமாக மாறுவன. பாறை உருகும்போது இரேனியம் குழம்புடன் சென்றுவிட, ஒசுமியம் பெரும்பாலும் எஞ்சிய பாறையிலேயே தங்கிவிடும். அன்றே நின்ற கடிகாரம் போன்ற இவ்வொசுமியத்தை ஆராய்ந்தோர், கிம்பர்லிக் கற்களின் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள் என்றனர். அக்கற்கள் சிலவற்றில் மைக்காவும் காணப்படுகின்றது. பிற்காலத்தில் ஆழத்திலிருந்து ஊறிய திரவங்கள், இழந்த பொற்றாசியம் முதலியவற்றை மீண்டும் ஊட்டியமைக்கு அது சான்றாகும்.

இவ்வேர் என்றும் அழியாததோ? இவ்வினாவிற்கு வடசீனம் விடை பகர்கின்றது. ஏறக்குறைய 47 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கு எழுந்த கிம்பர்லைற், ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தடித்த பழைய வேரின் துண்டுகளையும் வைரத்தையும் கொணர்ந்தது. ஆனால், கடந்த 6 கோடி ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் கிழக்கே எழுந்த எரிமலைகளோ, கல்சியமும் அலுமினியமும் குன்றாத இளம் பாறைகளையே பெரும்பாலும் கொணர்ந்தன. அங்கு வேரின் தடிப்பும் 100 கிலோமீற்றருக்குக் குறைந்துவிட்டது. இடைக்காலத்தில் வேரின் பெரும்பகுதி அழிந்தொழிந்தது! பசிபிக் சமுத்திரத்தின் அடித்தட்டு ஆசியாவின்கீழ்ச் சரிந்து இறங்கியமையே இதற்குக் காரணம் என்பது பலர் கருத்து.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். கையடக்கமான கல்லொன்று, கண்டமொன்றின் அடித்தளம் தோன்றியதையும், மாறியதையும், மறைந்ததையும் உரைக்கின்றது. அசையாதது என்று நாம் நம்பும் நிலத்திற்கும் பிறப்பும் வாழ்வும் தேய்வும் உண்டு என்பதை மாணவர்கள் இதனால் உணர்வார்களாக.