மாலை ஆறு மணிக்கு உயிரியல்

பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை. மாலை ஆறு மணிக்குக் கல்லூரி. கலிஃபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். இந்த மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள் உண்டு. நுழைவுத் தேர்வு கிடையாது. மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடச்சுமையின் ஓர் அலகுக்கு, 46 டாலர்தான் கட்டணம். இங்கே 60 யூனிட் முடித்தால் பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கலாம்.

உயிரியல் என்றாலும் பாதிக்கு மேல் வேறு பாடங்கள்: பொது வேதியியல், கரிம வேதியியல், கால்குலஸ், இயற்பியல். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. ஆய்வக வகுப்பில் இடம் கிடைக்காமல் போனால் மொத்தத் திட்டமும் தள்ளிப்போகும். அதனால் புதிதாகச் சேர்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, 'அசிஸ்ட்' இணையதளத்தைப் பாருங்கள் என்பதுதான். எந்தப் பாடத்தை எந்த அரசுப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று அதில் இருக்கும்.

எனக்கு உயிர் ஆய்வகம்தான். டிஎன்ஏ எதிர்மின்சுமை கொண்டது. ஜெல்லில் மின்சாரம் செலுத்தினால் நேர்மின்முனையை நோக்கி நகரும். சிறிய துண்டுகள் முந்தும், பெரியவை பின்தங்கும். புத்தகத்தில் மனப்பாடம் செய்த வரி, புற ஊதா ஒளியில் பட்டை பட்டையாகத் தெரிந்தபோது கை நடுங்கியது. பக்கத்து மேசையில் ஓய்வுபெற்ற ராணுவ வீரர், எதிரில் பள்ளியை இப்போதுதான் முடித்த பெண். எல்லோரும் ஒரே பிப்பெட்டுக்குக் காத்திருப்போம்.

மனித மரபணுத் தொகுதியை வாசித்தவர்களில் முக்கியமானவரான கிரெய்க் வென்டரும் சான் மாட்டியோ சமுதாயக் கல்லூரியில் தொடங்கியவர்தான். இதை இரண்டாந்தரப் படிப்பு என்பவர்களிடம் அதைத் தவறாமல் சொல்கிறேன்.