முகமலர்ச்சியை எழுதுவது எப்படி?

ஒரு வட்டம் போடுங்கள். அதனுள் இரண்டு புள்ளிகள் வையுங்கள். கீழே பிறை போல ஒரு வளைவு இழுங்கள். சிரிக்கும் முகம் ஆயிற்று! குழந்தைகளின் படத்திற்கு இது போதும். நாம் அறிந்த ஒருவரின் முகத்தை எழுதப் புகும்போது இவ்வழி உதவுவதில்லை. வாயை மட்டும் வளைத்துவிட்டால் அம்முகம் சிரிப்பதில்லை; சிரிப்பதுபோல் நடிக்கிறது. சிரிப்பு வாயில் மட்டும் இல்லை என்பதே இதற்குக் காரணம்.

விலங்கியல் பயிலும் உனக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முகத்தசைகளைப் படித்த பிறகுதான் எனக்கு முகம் எழுதும் துணிவே வந்தது. பிரான்சு நாட்டு மருத்துவர் துஷேன், முகத்தில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, எந்தத் தசை எந்த உணர்ச்சியைக் காட்டுகிறது என்று ஆராய்ந்து, 1862-ஆம் ஆண்டில் புகைப்படங்களுடன் நூலாக வெளியிட்டார். சிரிப்புக்கு இரண்டு தசைகள் வேண்டும் என்று அவர் கண்டார். ஒன்று, கன்ன எலும்பிலிருந்து வாயின் ஓரத்திற்கு வந்து, அதை மேலும் வெளியும் இழுப்பது. மற்றொன்று, கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்தது. முன்னது நம் விருப்பப்படி இயங்கும். பின்னது உண்மை மகிழ்ச்சியில்தான் இயங்கும் என்பது அவர் கருத்து. கண் தசையையும் வேண்டுமென்றே சுருக்க வல்லவர் பலர் உண்டு என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் ஓவியம் எழுதுவோருக்கு அவர் தந்த பாடம் மாறவில்லை. கண் சிரிக்காவிட்டால் முகம் சிரிக்காது.

இந்தப் பாடம் எனக்கு வெறும் பாடமாக நிற்கவில்லை. எங்கள் குடும்பம் பிழைப்புத் தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்த குடும்பம். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் ரயில்கள் நின்றுபோயிருந்த நாளில், ஊரில் ஆச்சி காலமானார். அப்பாவால் போக முடியவில்லை. ஆச்சியின் படம் என்று எங்களிடம் இருந்தது வாக்காளர் அட்டையில் உள்ள ஒன்றே. அதில் ஆச்சி யாரையோ கண்டு அஞ்சியவர் போல் இருக்கிறார். "எங்கம்மா இப்படி இருந்ததே இல்லை. சிரிக்கிற மாதிரி வரைஞ்சு தர முடியுமா?" என்று அப்பா கேட்டார்.

சிரிக்காத படத்திலிருந்து சிரிக்கும் முகத்தை எப்படிப் பெறுவது? முகத்தில் என்னென்ன மாறும் என்று கணக்கிட்டாக வேண்டும். வாயின் ஓரங்கள் மேலேறுவதைவிட மிகுதியாக வெளிப்புறம் அகலும். உதடுகள் இழுபட்டு மெலியும். கன்னம் மேலெழுந்து உருண்டு, கீழ் இமையைத் தள்ளும். அதனால் கண் சிறுக்கும். மூக்கின் ஓரங்கள் விரியும். மூக்கிலிருந்து வாயோரம் வரும் மடிப்பு ஆழமாகும். அதைக் கோடாக எழுதினால் கடுமை வந்துவிடும். நிழலாக எழுத வேண்டும். பற்களுக்கிடையே கோடு போடுவது கூடாது. பல்வரிசையை ஒரே வெளிர்நிறத் துண்டாக எழுதி, வாயின் உட்பக்கம் செல்லச் செல்ல நிறத்தை மங்க விட்டால் போதும். வாயின் இரு ஓரங்களிலும் விழும் சிறு இருளே சிரிப்பைத் தாங்கி நிற்கும் ஆணி.

கணக்கால் பெற முடியாததை உறவினரின் முகங்களில் தேடினேன். அப்பாவையும் அத்தையையும் சிரிக்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். ஆச்சியின் கன்னக்குழி அத்தையிடம் இருந்தது. முதல் வரைவைக் கண்ட அப்பா, "அம்மா சிரிச்சா இடது கண்ணு கொஞ்சம் கூடச் சுருங்கும்" என்றார். எந்த முகமும் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்தச் சிறு வேறுபாட்டில்தான் ஆள் இருக்கிறார்.

இனிக் கலப்பு ஊடகம் பற்றிச் சொல்ல வேண்டும். நீர்வண்ணம், கரி, ஒட்டுத்தாள் முதலியவற்றை ஒரே படத்தில் சேர்த்து எழுதும் முறை இது. எதை எதன் மேல் வைப்பது என்ற வரிசை இதில் இன்றியமையாதது. நீர்வண்ணத்தை முதலில் இட வேண்டும். கரியின் மேல் ஈரத்தூரிகை பட்டால் எல்லாம் சேறாகும். பசை காய்ந்த இடத்தில் நீர்வண்ணம் சரிவரப் பிடிக்காது. ஆகையால் முகத்திற்கு வண்ணம் தீட்டிக் காயவிட்டு, அதன்பின் சுற்றிலும் தாள் ஒட்டி, கரியைக் கடைசியில் வைத்தேன். நீரில் தளர்ந்து சுருங்காதிருக்கத் தடித்த நீர்வண்ணத் தாளே ஏற்றது.

ஒட்டுவதற்கு, ஆச்சி சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டார் எழுதிய பழைய நீலநிற உள்நாட்டுக் கடிதங்கள் இருந்தன. மூலக்கடிதத்தை ஒட்ட மனம் வரவில்லை. பேனா மையும் பசையின் ஈரத்தில் கரைந்துவிடும். ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. அந்த எழுத்து நீரில் கரையாது. செய்தித்தாளை ஒட்டுவோர், அது விரைவில் பழுப்பேறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மரக்கூழில் தங்கிவிட்ட லிக்னின் என்னும் பொருளே அதற்குக் காரணம். இன்னுமோர் எச்சரிக்கை: ஒட்டிய தாளின் விளிம்பு வாயோரத்திலோ கண்ணோரத்திலோ வந்தால், அது சுருக்கம்போல் தோன்றிச் சிரிப்பைக் கெடுத்துவிடும். கடிதத் துண்டுகளைச் சேலையின் பக்கமே நிறுத்திக்கொண்டேன்.

கடைசியாக, அளவு அறிந்து நிறுத்தும் கலை. லியொனார்டோ டா வின்சி 1503-ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய மோனா லிசாவின் வாயோரத்தில் தெளிவான கோடே இல்லை. நிழல் நிழலோடு கரைகிறது. அவள் கண்களைப் பார்க்கும்போது சிரிப்பு மிகுவதும், வாயையே உற்று நோக்கினால் குறைவதும் ஏன்? நம் ஓரப்பார்வை நுண்கோடுகளை விட்டுவிட்டுப் பரந்த நிழல்களையே மிகுதியாகக் காண்கிறது என்று, மார்கரெட் லிவிங்ஸ்டன் என்னும் அறிவியலார் 2000-ஆம் ஆண்டில் விளக்கம் தந்தார். ஆகவே வாயோரத்தைக் கூராக முடிக்காதீர்கள். விரல் நுனியால் கரியைச் சற்றே கலைத்துவிட்டு, கையை எடுத்துவிடுங்கள்.

நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து படிப்பவர்கள். வீட்டுப் பெரியவர்களின் அட்டைப்படங்கள் நம்மிடம் இருக்கலாம். அவற்றில் எவரும் சிரிப்பதில்லை. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது அவர்களைச் சிரிக்கவைத்துப் பாருங்கள். எந்தக் கண் முதலில் சுருங்குகிறது, எந்தக் கன்னம் உயர்கிறது என்று கவனியுங்கள். எழுதுகோல் பிடிக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். எழுதத் தெரிந்தவரோ, அவர்கள் எதிரே இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.