கரிசல் காட்டில் நான்கு நாள் சைக்கிள் பயணம்

விருதுநகர் மாவட்டத்தில் தார் போடாத பாதைகளுக்குப் பஞ்சமில்லை. கண்மாய்க் கரை, மாட்டுவண்டித் தடம், ஓடையை ஒட்டிய ஒற்றையடிப் பாதை, மலையடிவாரத்துச் செம்மண் சாலை என்று ஊருக்கு ஊர் பிரிந்து கிடக்கின்றன. கிராவல் சைக்கிள் வைத்திருப்பவர்கள் தேடுவது இவற்றைத்தான். பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி, 40 மில்லிமீட்டர் அளவில் தடித்த டயர், டிஸ்க் பிரேக், சரளையிலும் மண்ணிலும் நாள் முழுக்க மிதிக்கத் தோதான உடலமைப்பு, இவ்வளவுதான் கிராவல் சைக்கிள். அது இல்லாதவர்கள் மலை சைக்கிளிலேயே தாராளமாக வரலாம்.

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, சாமானுக்கும் தண்ணீருக்கும் ஒரு வண்டியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நான்கு நாள் இந்தப் பக்கம் சுற்றலாம். வரைபடத்தில் கோடு போடுவது அந்த வேலையில் சின்னப் பங்குதான். எந்த நாளில் எந்தப் பாதையில் போகக் கூடாது என்று முடிவெடுப்பதே பெரிய பங்கு. அந்த முடிவை இங்கே கரிசல் மண்ணும் பட்டாசுத் தொழிலும் நமக்காக எடுத்து வைத்திருக்கின்றன. நாம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துணை வண்டியோடு குழுவாகப் போகும் பயணத்துக்கு நம் பக்கத்து முன்மாதிரி, 2008இல் பெங்களூரு சைக்கிள் ஆர்வலர்கள் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ். சாமான் வண்டி, மெக்கானிக், மருத்துவ உதவி, வழியில் தண்ணீர் என்று எல்லாம் உண்டு. இதற்கு நேர் எதிர் பி.ஆர்.எம். என்ற ஆடாக்ஸ் பயணங்கள். 200, 300, 400, 600 கிலோமீட்டரைக் குறித்த நேரத்துக்குள் அவரவர் சொந்தப் பலத்தில் கடக்க வேண்டும். இடையில் துணை வண்டி கூடாது. கரிசலுக்கு இரண்டுமே அப்படியே பொருந்தாது. தார் ரோட்டில் வேன் பின்னாலேயே வந்துவிடும், கண்மாய்க் கரையில் வராது. துணையே இல்லாமல் போகலாம் என்றால், தண்ணீர் தீர்ந்த இடத்தில் கடை இருக்காது.

முதலில் மண்ணைப் பார்ப்போம். கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் அதிகம். நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நல்ல மழை பெய்த மறுநாள் கரிசல் பாதையில் சைக்கிளை இறக்கினால் சிறிது தூரத்திலேயே மண் டயரில் அப்பிக்கொள்ளும். ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் இறுகும். சக்கரம் சுற்றாது, உருட்டவும் முடியாது. தோளில் தூக்கித்தான் நடக்க வேண்டும். பின் கியர் உடைவதும் பெரும்பாலும் இப்படித்தான். உலகத்தின் பெயர்பெற்ற கிராவல் பந்தயமான அமெரிக்காவின் அன்பவுண்ட், 2023இல் இதே மாதிரிச் சேற்றில் மாட்டியது. தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே தேர்ந்த வீரர்களும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பெயின்ட் கலக்கும் மரக்குச்சியால் சேற்றை வழித்துப் போட்டார்கள். அப்படி ஒரு தட்டையான குச்சியை ஒவ்வொருவரும் சட்டத்தில் கட்டிக்கொள்வது நல்லது. மட்கார்டைக் கழற்றிவிட வேண்டும்.

ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பயணம் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களும் வேண்டாம். வெயில் ஒரு காரணம். கரிசல் வாய் பிளந்து கிடப்பது இன்னொரு காரணம், வெடிப்பில் முன் சக்கரம் இறங்கினால் ஆள் தலைகுப்புற விழுவார். பொங்கல் கழிந்து பிப்ரவரி முடியும் வரைதான் சரியான காலம். அதிலும் மாசிச் சிவராத்திரி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். குலசாமி கும்பிட வெளியூர் ஜனமெல்லாம் வந்து இறங்கும். தங்க இடமும் கிடைக்காது, வாடகைக்கு வண்டியும் கிடைக்காது.

மழை எதிர்பாராமல் வந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பாதைகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒன்று மண் பாதை, மற்றொன்று அதே ஊருக்குப் போகும் தார் ரோடு. இரவு மழை பெய்ததா என்று அந்தந்த ஊர் ஆளிடம் காலையில் போன் போட்டுக் கேட்டுவிட்டு எதில் போவது என்று முடிவு செய்யலாம். மண் பாதையை விட்டுக்கொடுக்க மனசு வராத ஆள் குழுவில் ஒருவராவது இருப்பார். முடிவெடுக்கும் பொறுப்பை முன்னதாகவே ஒருவரிடம் கொடுத்துவிட்டால் காலையில் விவாதம் இருக்காது.

அடுத்தது முள். இந்த மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. வெட்டிப் போட்ட கிளைகள் பாதையோரத்தில் கிடக்கும். தரையில் நெருஞ்சி. சாதாரண டியூப் போட்டு வந்தால் நாள் முழுக்கப் பஞ்சர் ஒட்டுவதே வேலையாகிவிடும். டியூப்லெஸ் டயரும் உள்ளே சீலன்ட் திரவமும் கட்டாயம் என்பேன். ஊர்ப்பக்க சைக்கிள் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். சக்கரக் கோட்டம் எடுப்பதிலும் கம்பி மாற்றுவதிலும் அவர்களை மிஞ்ச முடியாது. ஆனால் கிராவல் சைக்கிளின் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு அவர்களிடம் பம்பு இருக்காது. பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டும் கிடைக்காது. அது சைக்கிளுக்கு சைக்கிள் வேறுபடும். ஒவ்வொருவரும் தன் சைக்கிளுக்கான ஹேங்கர் ஒன்றைக் கொண்டுவந்தால்தான் புறப்படலாம் என்று விதியாகவே வைத்துவிடலாம்.

இனி பட்டாசு. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதன் தொடர்ச்சியாக வளர்ந்ததுதான் பட்டாசுத் தொழில். மழை குறைந்த வறண்ட காற்றும் மானாவாரி நிலமும் அதற்குத் தோதாக இருந்தன. இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ஊருக்கு வெளியே கரிசலில் பரவிக் கிடக்கின்றன, உள்ளூரில் பயர் ஆபீஸ் என்று சொல்லும் பட்டாசு ஆலைகள். ஒரு கட்டடம் வெடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதால், சின்னச் சின்ன அறைகளாக, இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள்.

சைக்கிள்காரர்களுக்கு ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் பாதை வரைபவருக்கு இந்த அறைகளுக்கு நடுவே போகும் தடங்கள் அழகான மண் பாதைகளாகத் தெரியும். வாகனம் குறைவு, சுற்றிலும் வீடு இல்லை, நேர்கோடாகப் போகிறது. கிராவலுக்கென்றே போட்ட மாதிரி இருக்கும். அது ஒரு வெடிமருந்து வளாகத்தின் உள்பாதை. உரிமம் பெற்ற இடம், வெளியாட்கள் நுழையக் கூடாது. வேலி எல்லா இடத்திலும் கண்ணில் படாது. அதனால் சாத்தூருக்கு மேற்கே வரையும் ஒவ்வொரு கிலோமீட்டரையும் உள்ளூர்க்காரர் ஒருவரோடு பைக்கில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பாதையில் சேர்க்க வேண்டும். படத்தைப் பார்த்து வரைந்த கோட்டை அப்படியே குழுவுக்கு அனுப்புவது பொறுப்பற்ற செயல்.

வளாகங்களுக்கு அருகே அடுப்பு, சிகரெட், டிரோன், நின்று படமெடுப்பது எதுவும் கூடாது. ஓடையோரத்தில் கொட்டிக் கிடக்கும் கழிவுப் பட்டாசையோ காகிதக் குழாய்களையோ தொடக் கூடாது, மிதிக்கவும் கூடாது. இடி மின்னல் தொடங்கினால் அங்கே வேலையையே நிறுத்திவிடுவார்கள். நாமும் அந்தப் பாதையை விட்டு ஊருக்குள் போய்விட வேண்டும்.

புகை எழுவதைப் பார்த்தால் அந்தப் பக்கம் போகவே கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தொழிலாளர்கள் அல்ல. முதல் தீயைப் பார்க்கவும் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இன்னொரு விபத்து, 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதனால் புகையைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். துணை வண்டியைக் குறுகலான ரோட்டில் நிறுத்தாதீர்கள், தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் அதே ரோட்டில்தான் வர வேண்டும். இந்த ஊர்களில் இழப்பு இல்லாத தெரு குறைவு. டீக்கடையில் உட்கார்ந்து விபத்துக் கதை கேட்பதைப் பயணத்தின் சுவாரசியமாக ஆக்கிவிட வேண்டாம்.

வேலை நாட்களில் காலையும் மாலையும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் குறுகிய கிராமத்து ரோடுகளில் விரட்டிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஓட்டம் குறையும். அதனால் பட்டாசு வட்டாரத்தைக் கடக்கும் நாளை ஞாயிறாக வைத்துக்கொண்டு, மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்கலாம். (ஞாயிறன்று ஆள் குறைவு, சரக்கு இருக்கும். மேலே சொன்ன விதிகள் அன்றைக்கும் உண்டு.)

வெள்ளிக்கிழமை விருதுநகரில் தொடக்கம். சென்னையிலிருந்து இரவு ரயில்கள் இருப்பதால் ஆட்கள் வந்து சேர்வது எளிது. குல்லூர்சந்தை அணைப் பக்கம் சுற்றி, கண்மாய்க் கரைகள் வழியாக அருப்புக்கோட்டை. நேர் ரோட்டில் 20 கிலோமீட்டர் அளவு, சுற்றினால் 40க்கு மேல். முதல் நாளுக்கு அது போதும், யாருடைய வேகம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சனிக்கிழமை அசல் கரிசல் காடு. சோளத் தட்டை, பருத்தி, மிளகாய் வத்தல் காயும் களங்கள். ரோட்டிலேயே தானியம் காயப்போட்டிருப்பார்கள், அதன் மேல் ஏற்றாமல் இறங்கி ஒதுங்கிப் போக வேண்டும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியைப் பார்த்துவிட்டுச் சாத்தூரில் தங்கல். மாரியம்மன் கோவிலில் செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் நெரியும், சனிக்கிழமை போவது நமக்கு வசதி.

ஞாயிறு, சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டை வழியாக ராஜபாளையம். இந்த ஒரு நாள் மட்டும் பாதியாவது தார் ரோடாக இருக்கட்டும். வெம்பக்கோட்டை அருகே வைப்பாற்றங்கரை மேட்டில் 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியிருக்கிறது. சங்கு வளையல் துண்டுகளும் சுடுமண் பொம்மைகளும் கிடைத்த இடம், சைக்கிளை நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம். திங்கள்கிழமை மண் சிவப்பாகிவிடும். மலையடிவாரத்து மாந்தோப்பு, தென்னந்தோப்பு ஓரமாக வத்திராயிருப்பு, பிளவக்கல் அணை, திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர். 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டு எல்லைக்குள் ஒரு சக்கரமும் போகக் கூடாது. தோப்புகளுக்கு யானை இறங்கும் பகுதி என்பதால் அன்றைக்கு மட்டும் நன்றாக விடிந்த பிறகு புறப்படுங்கள். மற்ற நாட்களில் முதல் வெளிச்சத்தில் கிளம்பி, வெயில் ஏறுமுன் பதினொரு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடலாம். மண்ணில் கலவையான குழு ஒன்று மணிக்கு 12 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம்.

துணை வண்டிக்கு, குட்டி யானை என்று சொல்லும் சிறு சரக்கு வண்டி ஒன்று போதும். அது நம் பின்னால் வர முடியாது. தார் ரோடும் மண் பாதையும் சந்திக்கும் இடங்களை 12, 15 கிலோமீட்டருக்கு ஒன்றாகக் குறித்து, அங்கே முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். நடுவில் யாராவது விழுந்தால்? அதற்குத்தான் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட். கண்மாய்க் கரையில் ஏறும், ஓடையில் இறங்கும். முன்னால் ஒரு தண்ணீர் கேன், பின்னால் கருவிப் பெட்டி, தேவைப்பட்டால் காயம்பட்ட ஆளையும் ஏற்றிக்கொள்ளும். அதை ஓட்டத் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் எப்போதும் குழுவின் கடைசி ஆளுக்குப் பின்னால் வரட்டும். விலை உயர்ந்த ஜீப்பை விட இது இங்கே அதிகம் உதவும்.

தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 லிட்டர் கணக்கு வைத்தால், 12 பேருக்கு 72 லிட்டர். 20 லிட்டர் கேன் நான்கு. ஊருணி நீரை நம்ப வேண்டாம். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை வண்டியில் வையுங்கள். சாப்பாட்டுக்குத் தனிச் சமையல் தேவையில்லை. ஆனால் கிராமத்து டீக்கடையில் 12 பேர் திடீரென்று போய் நின்றால் இட்லி இருக்காது. முதல் நாளே சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டால் சுடச்சுடக் கிடைக்கும், அந்தக் கடைக்கும் ஒரு நல்ல வியாபாரம். கம்மங்கூழும் மோரும் எந்த விளையாட்டுப் பானத்துக்கும் குறைந்ததல்ல. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவும் சாத்தூர்ச் சேவும் ஓட்டம் முடிந்த பிறகு.

ஆட்டுக்கிடைகளின் காவல் நாய்கள் ஓடும் சைக்கிளைத்தான் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் பிடித்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கடித்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். தாமதிக்கக் கூடாது. முள்காட்டில் விரியன் உண்டு, ஒதுங்கும்போது கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். 108ஐ அழைக்கும்போது ஊர்ப் பெயர், பக்கத்து பஸ் நிறுத்தம், கண்மாய்ப் பெயர் மூன்றையும் சொன்னால் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும். இந்த மூன்றையும் ஒவ்வொரு சந்திப்பு இடத்துக்கும் எழுதி, ஓட்டுபவர் சட்டைப் பையில் இருக்கும்படி அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். செல்போன் சிக்னல் கிடைக்காத இடங்களில் காகிதம்தான் உதவும்.

பயணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் முடிந்தால் அன்று மாலையே சென்னை செல்லும் பொதிகை ரயிலைப் பிடித்துவிடலாம். சைக்கிள்களை அதில் ஏற்ற முயல வேண்டாம். சின்ன ஸ்டேஷனில் ரயில் நிற்கும் நேரத்துக்குள் பன்னிரண்டு சைக்கிளைச் சேதமில்லாமல் பிரேக் வேனில் ஏற்ற முடியாது. அவை லாரியிலோ வேனிலோ தனியாகப் போகட்டும். ரயில் ஏறுமுன் எக்ஸ்.எல். ஓட்டிய இளைஞருக்கும் வண்டி டிரைவருக்கும் நான்கு நாள் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு, எந்தப் பாதை இந்த வருடம் சேதமாகிவிட்டது, எங்கே புதிதாக வேலி போட்டிருக்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த குழு புறப்படுமுன் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.