இருட்டிலும் அகப்படும் பை

நியூயோர்க்கில் மைக்கேல், எலன் டயமண்ட் தம்பதியர், பிள்ளையின் தள்ளுவண்டியில் ஒழுங்காகத் தொங்கும் பை கிடைக்காததால் தாங்களே ஒன்றை வடிவமைத்தனர். 2003 இல் அது 'ஸ்கிப் ஹொப்' நிறுவனமானது. 2017 இல் கார்ட்டர்ஸ் அதை வாங்கியது.

எங்கள் கரவெட்டித் தாய்மாருக்கும் ஒழுங்கான பை தேவைப்பட்டது, வேறு காரணத்துக்காக. 1987 வடமராட்சிப் படை நடவடிக்கைக்குப் பிறகு பல வீடுகளில் ஒரு பை தயாராகவே இருந்தது: பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பால்மா. இருட்டில் தடவினாலும் அகப்படவேண்டும், மழையில் நனையக்கூடாது, பிள்ளையைத் தூக்கக் கை வேண்டும், ஆகவே தோளில் மாட்டவேண்டும். வடிவமைப்பு என்பது இவ்வளவுதான். தைப்பதற்குத்தான் நேரமிருக்கவில்லை, சொப்பின் பையோடு ஓடினார்கள்.

காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் கோவைகளைத் தாய்மார் இன்றும் சொப்பின் பையில்தான் காவுகிறார்கள். ஊரில் தையல் மெசின் உள்ளவர்கள் இதை யோசிக்கலாம்: படத்துக்கு ஓர் அறை, நனையாத உட்துணி, நீளமான உறுதி மடியாமல் போக இன்னோர் அறை. மடித்த இடத்தில்தான் அது முதலில் கிழிகிறது.