புழுக்கத்தில் ஒளிந்திருக்கும் வெந்நீர்

ஒரு யூனிட் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக மாற்றினால் 860 கிலோகலோரி கிடைக்கும். கீசருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் இந்த வேலையை ஏறக்குறைய முழுமையாகவே செய்கிறது. அப்படியிருக்க, ஒரே யூனிட்டை வாங்கிக்கொண்டு தண்ணீருக்கு 2,500 கிலோகலோரி தரும் இயந்திரம் ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால், ஆற்றல் அழியாமை விதியைப் படித்த நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அந்த இயந்திரம் கடையில் விற்கிறது. வெப்பப் பம்பு என்று பெயர். விதியும் மீறப்படவில்லை. மீதி 1,640 கிலோகலோரி வெளிக்காற்றிலிருந்து வருகிறது!

செங்கல்பட்டு ஏரிகளுக்குப் பெயர்போன ஊர்ப்பகுதி. அங்கே வயலுக்கு நீர் இறைக்கும் பம்பு செட்டைப் பார்த்திருப்பீர்கள். அது நீரை உண்டாக்குவதில்லை. கீழே கிடப்பதை மேலே ஏற்றுகிறது, அவ்வளவுதான். கிணறு ஆழமில்லாவிட்டால் மின்சாரச் செலவு குறைவு. வெப்பப் பம்பும் அப்படித்தான். குறைந்த வெப்பநிலையில் காற்றில் கிடக்கும் வெப்பத்தை எடுத்து, அதைவிடச் சூடான நீருக்குள் ஏற்றுகிறது.

எப்படி ஏற்றுகிறது? ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? ஆவியாகும் திரவம் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அது அமுக்கப்படும் வாயுவின் சூடு. இந்த இரண்டு அனுபவங்களையும் ஒரு குழாய்க்குள் சேர்த்து வைத்தால் வெப்பப் பம்பு கிடைத்துவிடும். ஆர்-134ஏ போன்ற குளிர்பதனப் பொருள் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுழிக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு நம் ஊர் மார்கழிக் காற்றும் அடுப்பு மாதிரிதான்! அது குழாய்ச் சுருளில் ஆவியாகிக் காற்றின் வெப்பத்தை வாங்குகிறது. கம்ப்ரசர் அதை அமுக்கிச் சூடேற்றுகிறது. வெந்நீர்த் தொட்டியைச் சுற்றிவரும்போது வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடியும் திரவமாகிறது. உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் சூடாக இருப்பதும் இதே காரணத்தால்தான். இப்படிக் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று கெல்வின் 1852-லேயே எழுதினார். 1938-ல் சூரிச் நகர மன்றத்தை ஓர் ஆற்றின் நீரிலிருந்து எடுத்த வெப்பத்தால் சூடாக்கினார்கள்.

இனி ‘கிணற்றின் ஆழம்’ என்ன என்று பார்ப்போம். நமக்கு வேண்டிய வெந்நீர் 50 டிகிரி, அதாவது 323 கெல்வின். காற்று 25 டிகிரி. 323-ஐ வித்தியாசமான 25-ஆல் வகுத்தால் 13 வருகிறது. ஒரு பங்கு மின்சாரத்துக்குக் கொள்கை அளவில் 13 பங்கு வெப்பம்! உராய்வும் பிற இழப்புகளும் போக, நடைமுறையில் கிடைப்பது 3 அல்லது 4. காற்று 0 டிகிரியில் இருக்கும் ஐரோப்பியக் குளிர்காலத்திலோ வித்தியாசம் 50 ஆகிவிடுகிறது. கொள்கைக் கணக்கே பாதியாகக் குறைந்துவிடும். அங்கே ஆழ்கிணறு, இங்கே கைக்கெட்டும் கிணறு.

மாமல்லபுரம் கடற்கரைக்கு இன்னொரு கொடையும் உண்டு. நாம் அலுத்துக்கொள்கிறோமே, அந்தப் புழுக்கம்தான். ஈரக்காற்று குளிர்ந்த சுருளில் படும்போது நீராவி துளியாக மாறும். ஒரு லிட்டர் நீர் இப்படிச் சொட்டினால் சுமார் 580 கிலோகலோரி இயந்திரத்துக்குக் கிடைத்திருக்கிறது என்று பொருள். நம்மை வியர்க்க வைத்த ஈரமே வெந்நீர் போடுகிறது!

அப்படியானால் எல்லா வீட்டுக்கும் ஒன்று வாங்கலாமா? அவசரப்படாதீர்கள். நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு நாளுக்கு 100 லிட்டர் வெந்நீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியிலிருந்து 50-க்கு ஏற்ற 2,500 கிலோகலோரி தேவை. கீசருக்கு ஏறக்குறைய 3 யூனிட். வெப்பப் பம்புக்கு ஒன்றுக்குப் பக்கம். இரண்டு மாதத்தில் 180 யூனிட்டுக்குப் பதில் 60. பாட்டிக்கு மூட்டுவலி, கைக்குழந்தை வேறு இருக்கிறது, ஆண்டு முழுவதும் வெந்நீர் வேண்டும் என்றால் இந்த மிச்சம் பெரிது. மார்கழியில் மட்டும் இரண்டு வாளி வெந்நீர் போடும் வீடாக இருந்தால், இயந்திரத்தின் விலை எளிதில் திரும்பாது. அந்த வீட்டுக்கு அடுப்பே போதும் என்பேன்.

மொட்டைமாடியில் சூரிய வெப்பக் கலன் வைக்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பங்குனி வெயிலில் அதற்கு இணை இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வெந்நீர் அதிகம் வேண்டியிருக்கிறது. அப்போது வானம் மூடிக்கிடக்கும். வெப்பப் பம்புக்கு வெயில் தேவையில்லை, மழைக்காலக் காற்றே போதும்.

வாங்குவது என்று முடிவானால், தொட்டியின் அளவைச் சற்றுத் தாராளமாகவே எடுக்க வேண்டும். கீசரைப் போல நிமிடத்தில் சூடேற்றும் சாதனம் அல்ல இது; 100 லிட்டருக்கு இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கலாம். விடியற்காலையில் ஓட்டுவதைவிட, காற்றும் மாடித் தொட்டி நீரும் சூடாக இருக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஓட்டுவது லாபம். சில மாதிரிகளில் உதவிக்கு ஒரு மின்கம்பிச் சுருளும் இருக்கும். வெப்பநிலையை வீணாக ஏற்றிவைத்தால் அந்தச் சுருள் ஓசைப்படாமல் வேலை செய்து மிச்சத்தையெல்லாம் தின்றுவிடும். லீஜியோனெல்லா என்ற கிருமி தேங்கிய வெதுவெதுப்பான நீரில் வளரக்கூடியது. அதற்காக அவ்வப்போது 60 டிகிரிக்கு ஏற்றினால் போதும். குழாயைத் திறக்கும்போது மட்டும் அன்று கவனம் வேண்டும்.

கடலோர வீட்டுக்கு உண்மையான பகை உப்புக்காற்று. கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் மழுங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கருங்கல்லையே அரிக்கும் காற்று அது. கல்லில் ஏறிய உப்பை உறிஞ்சி எடுக்கத் தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக் கூழைப் பூசுகிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பும் உண்டு. அப்படியிருக்க, வெப்பப் பம்பின் மெல்லிய அலுமினியத் தகடுகள் எம்மாத்திரம்? தகடுகளுக்குக் காப்புப் பூச்சு உண்டா என்பதை விலையைக் கேட்பதற்கு முன்பே கேளுங்கள். கடலைப் பார்த்த சுவரில் வைக்காமல் வீட்டின் மேற்குப் பக்கம், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் தகடுகளை மெதுவாகக் கழுவ வேண்டும். கிணற்று நீர் உப்பாக இருந்தால் தொட்டியின் உட்புறமும் அரிக்கும். அதனால்தான் உள்ளே ஒரு மக்னீசியத் தண்டு வைக்கிறார்கள். எஃகுக்குப் பதிலாகத் தானே கரைந்து தொட்டியைக் காக்கும் தண்டு அது; கரைந்து தீருமுன் மாற்றிவிட வேண்டும்.

வெப்பத்தை இழந்த காற்று இயந்திரத்தின் மறுபக்கம் குளிர்ந்து வெளிவரும். அதை அடுக்களைப் பக்கம் திருப்பிவிட முடிகிற இடமாகப் பார்த்துப் பொருத்தினால், பிற்பகலில் தொட்டி சூடேறும் நேரமெல்லாம் அடுக்களையில் சற்றுக் குளிர்ச்சியும் கிடைக்கும்.