ஒரே இறுவட்டில் இரண்டு வகை: வாங்குபவருக்கு நன்மையா?



பூண்டுலோயாவில் நான் சென்றுவரும் லயங்களில், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பெட்டிக்குள்ளேயே கலியாண வீடியோ இறுவட்டையும் வைத்திருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்கள் பல, 2009 வரை நீடித்த யுத்தத்தில் உறவுகளையும் இழந்தன, படங்களையும் இழந்தன. இல்லாமற்போன கணவரின் குரல் ஓர் இறுவட்டில் மட்டுமே மிஞ்சியிருக்கும் பெண்ணுக்கு அது வெறும் பொழுதுபோக்குப் பொருள் அல்ல. ஆகவே, "இது எல்லா மெஷினிலும் ஓடும்" என்ற கடைக்காரரின் பேச்சை நாம் சற்று நிதானமாகக் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட வாக்குறுதியை உலகின் பெரிய கம்பனிகளும் கொடுத்துப் பார்த்தன. 2004இல் அமெரிக்காவில் ஒரு பக்கம் சீடி, மறுபக்கம் டிவிடி கொண்ட 'டுவல் டிஸ்க்' வந்தது. வழமையான இறுவட்டின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர். இதுவோ ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர். அதனால் சில கருவிகளுக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருந்தது. சீடிப் பக்கம் சீடிக்குரிய தரவரையறைக்கு அமையாததால், எல்லாக் கருவிகளிலும் ஓடாது என்ற எச்சரிக்கையை உறையிலேயே அச்சிட்டார்கள்.

2006இல் ஒரு பக்கம் எச்.டி. டிவிடி, மறுபக்கம் சாதாரண டிவிடி என்று திரைப்படங்கள் வந்தன. தனி வகையைவிட இவற்றுக்கு விலை அதிகம். இரண்டு ஆண்டுகள்கூடச் செல்லவில்லை. 2008 பெப்ரவரி 19இல் தோஷிபா நிறுவனம் எச்.டி. டிவிடியைக் கைவிடுவதாக அறிவித்தது. சாதாரணப் பக்கம் தொடர்ந்து ஓடியது உண்மைதான். ஆனால் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்கிய பக்கத்துக்குப் புதிய கருவி கிடைக்காமற் போயிற்று.

இரண்டு பக்கமும் படம் இருந்தால் வேறு சிக்கல்களும் உண்டு. பெயர் எழுத இடமில்லை. நடுவளையத்தில் உள்ள சின்ன எழுத்தைத் தேடித்தான் எது எந்தப் பக்கம் என்று அறிய வேண்டும். எந்தப் பக்கத்தை மேசையில் வைத்தாலும் கீறல் விழும். அக்காள் வீட்டுக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளவும் முடியாது. ஒரே பெட்டியில் இரண்டு தனி இறுவட்டுகள் இருந்தால் இந்தத் தொல்லைகள் இல்லை.

நம் ஊரில் விசிடி, டிவிடி என்ற இரண்டு வகைகளால் பலர் ஏமாந்தார்கள். டிவிடி கருவியில் பொதுவாக விசிடியும் ஓடும். விசிடி மட்டும் ஓடும் கருவியிலோ டிவிடி ஓடாது. இது தெரியாமல் வாங்கியவர்களின் கொழுந்துக் காசு வீணாயிற்று. இன்று அந்தக் கருவிகளே அருகி வருகின்றன.

நாம் செய்யக்கூடியவை

• பணம் கொடுக்குமுன் இறுவட்டைக் கடையிலேயே முழுமையாக ஓட்டிப் பாருங்கள்.

• பற்றுச்சீட்டு வாங்குங்கள். "எல்லாவற்றிலும் ஓடும்" என்று சொன்னால் அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

• வீட்டு வீடியோவைப் பென் டிரைவிலும் பிரதி எடுத்து, ஒரு பிரதியை வேறு உறவினர் வீட்டில் வையுங்கள். பிரதி எடுத்தபின் மூல இறுவட்டை மறவாமல் திருப்பி வாங்குங்கள்.

• ஏமாற்றப்பட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, வாங்கிய மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977.

ஓடாத இறுவட்டுக்குக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரலாம். அதில் இருந்த குரலை அவரால் திருப்பித் தர முடியாது. ஆகவே சகோதரிகளே, இறுவட்டு இன்னும் ஓடும்போதே பிரதி எடுத்துவிடுங்கள்.